தளராத வளையம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாங்கில் கிடைத்தது. பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தக்காரருக்குப் பிறசர் கிளினிக் நடக்கும் நாள். சுவரோடு போட்டிருக்கும் நீள வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

ஐம்பதை ஒட்டிய வயது. நெற்றியில் பொட்டில்லை. கையில் கிளினிக் கொப்பி. என் கையிலும் அதே கொப்பி. அந்தக் கொப்பி வைத்திருப்பவர்களுக்குள் அறிமுகம் தேவையில்லை. “உங்களுக்கு எவ்வளவு?” என்று ஒருவர் கேட்பார், மற்றவர் சொல்வார், சொந்தமாகிவிடுவோம். அவள் கேட்டாள், சொன்னேன். அவளுடையதைச் சொன்னாள், பரவாயில்லை என்றேன். பிறகு யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

“என்ரை மனிசனுக்கு நான் ஒவ்வொரு நாளும் ஒரு இலை அவிச்சுத் தண்ணி குடுத்தனான். பிறகு நிப்பாட்டிப்போட்டன். அது சும்மா பச்சைத்தண்ணி எண்டு என்ரை தங்கச்சியே லாப்பிலை சோதிச்சுப் பாத்துச் சொன்னவள். அப்ப நான் நிப்பாட்டினதாலை ஒண்டும் நடந்திருக்காது தானே?”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் ஒரு கிழவர் இருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். இனி வரும் பெயர்கள், ஊர், ஆய்வுகூடம், ஆடு எல்லாம் நான் கூட்டியவை. தேடிப் போகவேண்டாம்.

2

எங்கே தொடங்குவது என்று சில நாள் திண்டாடினேன். எழுதிக் கைவிட்டவற்றையும் காட்டுகிறேன். உங்களுக்கு முன்னால் எனக்கு என்ன வெட்கம்.

*ஆடு ஒருமுறை கத்தியது. பிறகு—*

(வேண்டாம். ஆட்டில் தொடங்கினால் கண்ணீரையெல்லாம் ஆட்டுக்கே கொடுத்துவிட்டு மனிசருக்கு மிச்சம் வைக்கமாட்டீர்கள்.)

*வேலியோரம் நின்ற அந்தச் செடியின் இலை மூன்று விரல் அகலம், ஓரம்—*

(இதையும் நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் உங்களில் பாதிப்பேர் வேலிக்கு ஓடியிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். நானும் ஓடுகிறவள்தான். ஆகவே கதை முடியும்வரை இலைக்குப் பெயரில்லை, வடிவமில்லை. கசக்கும், அவ்வளவுதான். நீங்கள் குளிசையைப் போடுங்கள்.*)

* கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வாசிப்பவர்களுக்கு: குளிசை என்றால் மாத்திரை. அங்கேயும் அது சாப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வருமென்று நினைக்கிறேன்.

*மனித உடலில் உள்ள இரத்தக்குழாய்களை நீட்டி வைத்தால் உலகத்தை எத்தனை தரம்—*

(இது எங்கோ கேட்டது. என் வாயில் வந்தால் இரவல் நகை போட்டதுபோல இருக்கும்.)

எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். தோட்டத்துக்கு இறைக்கிற ஓஸ் குழாய் தெரியும்தானே? வாயை விரலால் அமத்தினால் தண்ணீர் சீறும். இரத்தக்குழாயும் அப்படித்தான், ஆனால் அதற்கு வெளியிலிருந்து விரல் தேவையில்லை. சுவரிலேயே தசை இருக்கிறது. அது இறுகினால் வழி ஒடுங்கும், பிறசர் ஏறும். தளர்ந்தால் இறங்கும். சில செடிகளின் சாறு அந்தத் தசையைத் தளர்த்தும், சிலவற்றின் சாறு இறுக்கும். எது எதைச் செய்யும் என்று பார்க்க, ஆட்டின் இரத்தக்குழாயை வளைய வளையமாக வெட்டி இளஞ்சூட்டு உப்புநீரில் தொங்கவிடுவார்கள். கணவாய் மீனை வெட்டினால் வருமே, அந்த மாதிரி வளையம். அது இறுகினால் கணினித் திரையில் ஒரு கோடு ஏறும். தளர்ந்தால் இறங்கும்.

இந்த வேலை பழகிய ஒருவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது. பிழையைப் பற்றி இன்னும் கதைக்க இருக்கிறது.

3

நாலாவது தொடக்கம் நிலைத்துவிட்டது. அது ஒரு குசினி, ஓர் அடுப்படி.

அச்சுவேலியில் உதயகலாவின் குசினியில் காலைதோறும் ஒரு சண்டை நடக்கும். சண்டைக்காரர் இருவர்: உதயகலாவும் அவள் கணவர் நாகலிங்கமும். வெங்காயத் தோட்டக்காரர், வாய் ஓயாதவர், பிறசர்காரர். நடுவில் ஒரு பித்தளைக் குவளை. கிழமை முடிவில் வீட்டுக்கு வரும் தங்கை சிவகௌரி அம்மிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இஞ்சாருங்கோ, ஆறப்போகுது. குடியுங்கோ.”

“ஆறட்டும். ஆறி, பிறகு காய்ஞ்சும் போகட்டும்.”

“குளிசையும் போட்டு இதையும் குடிச்சால்தான் குறையும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு இழுவை.”

“நீர் ஒருக்காக் குடிச்சுக் காட்டும் பாப்பம்.”

“எனக்கென்ன பிறசரே?”

தாய் தகப்பன் இல்லாத சிவகௌரியை அக்காவும் அத்தானும்தான் படிப்பித்தார்கள். படித்து, இரத்தக்குழாய்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்திருந்தாள். எந்த இலையை எடுத்து ஆராயலாம் என்று தேடிக்கொண்டிருந்த காலம். நாகலிங்கம் குவளையை அவள் பக்கம் தள்ளினார்.

“கௌரி, இதை ஒருக்கா உன்ரை லாப்பிலை சோதிச்சுப் பார். சரியெண்டால் சாகுமட்டும் குடிக்கிறன். பிழையெண்டால் உன்ரை அக்காவுக்குப் பருக்குவம்.”

“சோதிக்கிறதெண்டால் ஆட்டின்ரை ரத்தக்குழாய் வேணும் அத்தான். இறைச்சிக்கடையிலை போய் வாங்க வேணும்.”

“முட்டை கூட ஏறாத வீட்டிலை பிறந்துபோட்டு நீ இறைச்சிக்கடை வாசலிலை நிக்கப்போறியோ? கொப்பர் இருந்தால் தலைமுழுகியிருப்பார்.”

“உங்களுக்காக நிக்கிறன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். மற்றவர்கள் படித்த படிப்பு எங்கோ போய்ச் சேரும். தன்னுடையது இந்தக் குவளைக்குள் வந்து சேரவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

4

லெனாட் குருநகர்க்காரன். கால் முறிந்து கடலுக்குப் போவதை விட்டபிறகு சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் அவன் மனைவி அற்புதராணி குடல், ஈரல் கழுவி எடுப்பாள்.

சிவகௌரி உப்புநீர் ஊற்றிய குளிர்ப்போத்தலோடு முதல்நாள் போய் நின்றாள். லெனாட் ஆட்டின் நெஞ்சுக்குள் கையை விட்டு, முதுகெலும்போடு ஒட்டிப்போகும் அந்தப் பெரிய குழாயை இழுத்தெடுத்தான். இரத்தம் அவன் முழங்கை வழியே வழிந்து சீமெந்தில் சொட்டியது. சிவகௌரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சுவரில் அந்தோனியார் படம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளை சைவமோ?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஓம் அக்கா.”

“பழக்கமில்லை என்ன. அங்காலை காத்துப்படப் போய் நில்லும். இனி நான் எடுத்து வைக்கிறன், நீர் வந்து போத்தலை வாங்கிக்கொண்டு போனால் காணும்.”

“ஆட்டுக்குழாயை வைச்சுப் படிக்கினமாம்,” என்றான் லெனாட். “எங்களுக்குப் பூவரசந்தடியாலைதான் படிப்பிச்சவை. அதுதான் ஏறேல்லை.”

“உங்களுக்கு என்னத்தாலை அடிச்சாலும் ஏறியிராது,” என்றாள் அற்புதராணி.

அடுத்த முறையிலிருந்து போத்தல் தயாராக இருக்கும். உள்ளே குழாய் வெள்ளை வெளேரென்று மிதக்கும். ஒரு துளி இரத்தமில்லை. சிவகௌரிக்கு அது பெரிய ஆறுதல். தைப்பொங்கலுக்கு முதல்நாள் ஒரு பெட்டி நிறையப் பயத்தம்பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். “உந்தக் கையாலை எங்களுக்குப் பலகாரமோ,” என்று அற்புதராணி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்து வாங்கினாள்.

(முதலில் எழுதியபோது அற்புதராணியை அசட்டைக்காரியாக வைத்திருந்தேன். கதை சறுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இப்படிக் கரிசனைக்காரியாக மாற்றியபிறகு கதை என் கையை மீறிவிட்டது. இனி யாரையும் கோபிக்க முடியாது. கோபிக்க ஆளில்லாத கதையை எழுதுவது, குந்த இடமில்லாத பஸ்ஸில் போவது மாதிரி.)

5

மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த வருடம். கறண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். கதையின் முடிச்சு இதற்குள் இருக்கிறது. குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. தசையை வெளியிலிருந்து இறுக்கலாம். ஆனால் தளரச் சொல்லிக் கட்டளை பெரும்பாலும் அந்தப் படலத்திலிருந்துதான் போகும். படலம் கெட்டால் வளையம் இறுகும், தளராது. ஆகவே இலைச்சாற்றை விடுவதற்கு முன் ஒரு சோதனை மருந்தை விடுவார்கள். வளையம் தளர்ந்தால் படலம் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

தளரவில்லை.

“மருந்து பழுதாப் போச்சுது மிஸ்,” என்றாள் வசந்தினி. சிவகௌரிக்கு உதவியாக வேலை செய்யும் பெண், உதயகலாவின் வீட்டு ஒழுங்கையில், அதே சந்தில் இருப்பவள். “நேற்றும் கறண்ட் இல்லை. பிரிஜ்ஜுக்குள்ளை தண்ணி நிண்டது.”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அந்த வருடம் எது பழுதானாலும் கறண்டின் தலையில் போடலாம்; அநேகமாக அது சரியாகவும் இருந்தது. புதுப் போத்தலுக்கு எழுதிப் போட்டார்கள். பொருள் இறக்குமதி இல்லை என்று பதில் வந்தது. குழாயைப் பார்த்தால் அவ்வளவு சுத்தம். அதில் என்ன குறை இருக்கப்போகிறது? சிவகௌரி அந்தச் சோதனையைத் தாண்டி இலைக்குப் போனாள்.

இறுக்கும் மருந்துக்குக் கோடு ஏறியது. இலைச்சாற்றை விட்டாள். கோடு ஏறிய இடத்திலேயே நின்றது. வேறு ஆடு, வேறு நாள், சாறு கூட்டி, சாறு குறைத்து. உப்பளத்துத் தரை மாதிரி மட்டமாக நின்றது அந்தக் கோடு.

6

“அக்கா, உது சும்மா பச்சைத்தண்ணி.”

குசினியில் நின்று இதைச் சொன்னபோது சிவகௌரியின் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. (இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். படித்து முடித்து முதல்முதல் வீட்டுக்குக் கொண்டுவந்த செய்தி அல்லவா?)

நாகலிங்கம் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். “நல்லூரானே, தப்பினன்.” குவளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், வாழையின் அடியில் கவிழ்த்தார். “வாழைக்குப் பிறசர் கிறசர் இருந்தால் குறையட்டும்.”

“அப்ப நான் இவ்வளவு நாளும் என்னத்துக்கு அவிச்சனான்?” என்று கேட்டாள் உதயகலா.

“என்னிலை உள்ள கோவத்துக்கு.”

மூவரும் சிரித்தார்கள். குளிசையை அவர் விடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். செடி நின்ற இடத்தில் தண்ணீர்த் தாங்கி வைக்க வேண்டுமென்று அவர் கன நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உதயகலாவே செடியை வேரோடு கிண்டி எடுத்து, வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

7

*அன்று காலை நாகலிங்கம் தோட்டத்துக்குப் போகவில்லை, ஏனென்றால்—*

இந்த வசனத்தோடு நெடுநேரம் இருந்தேன். மழை பெய்தது என்று எழுதிப் பார்த்தேன். சைக்கிளுக்குக் காற்றில்லை என்றேன். மருமக்கள் வந்திருந்தார்கள் என்றேன். ஏதோ ஒரு காரணம் அவரைப் பிடித்து வீட்டில் இருத்தாதா என்று பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. வாங்கில் இருந்த பெண்ணின் நெற்றியை நான் கண்டிருக்கிறேனே.

அவர் போனார். இறைத்துக்கொண்டிருந்தபோது வெங்காயப் பாத்திக்குள் விழுந்தார். வரம்பை மீறிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் தண்ணீர் போன பிறகுதான் ஆட்கள் வந்து பார்த்தார்கள். தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் வைத்தியர். கண் திறக்காமலே போய்விட்டார்.

செத்தவீட்டில், சவத்தை எடுப்பதற்கு முன், நாகலிங்கத்தின் தங்கை ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். உரக்கக் கேட்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் கேட்டது.

“அந்தத் தண்ணியைக் குடுத்துக்கொண்டு வந்திருந்தால் அண்ணை இருந்திருப்பார். என்னத்துக்கு மச்சாள் நிப்பாட்டினனீர்?”

உதயகலா சனத்துக்குள் யாரையோ தேடினாள். தேடியது தன்னை என்று சிவகௌரிக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது.

“என்ரை தங்கச்சி சோதிச்சவள். அவளைக் கேளுங்கோ. கௌரி, சொல்லு.”

“ஓம்,” என்றாள் சிவகௌரி. “நான் சோதிச்சனான். அதிலை ஒண்டுமில்லை.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. மாதங்கள் போயின. சிவகௌரி வரும்போதெல்லாம், தேத்தண்ணி ஊற்றும்போதோ, கத்தரிக்காய் வெட்டும்போதோ, நிமிராமல் உதயகலா கேட்பாள்:

“நீ வடிவாச் சோதிச்சனி தானே?”

“ஓமக்கா.”

அதன் பிறகுதான் அவள் தனக்குச் சோறு போடுவாள். நாளடைவில் அவளுக்கும் பிறசர் வந்தது. குளிசை போடத் தொடங்கினாள். கேள்வி மட்டும் நிற்கவில்லை.

8

புதுப் போத்தல் கடைசியில் வந்தது. நாடு கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, எழுதிப் போட்டதை எல்லோரும் மறந்த பிறகு. வசந்தினி பெட்டியை உடைத்து எடுத்தாள். சோதனை மருந்தை விட்டார்கள்.

வளையம் தளரவில்லை.

“இதுகும் பழுதோ மிஸ்?”

சிவகௌரி மேலே பார்த்தாள். மின்விசிறி நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தது. பிரிஜ் முனகிக்கொண்டிருந்தது. பழிபோட ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

மறுநாள் சந்தைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வழமைக்கு முன்பே போனாள். லெனாட்டைத் தாண்டி, ஒருநாளும் போகாத பின்பக்கத்துக்குப் போனாள். அற்புதராணி பலகையில் குந்தியிருந்தாள். ஒரு கையில் அந்தக் குழாய். மறு கையில் தென்னோலை ஈர்க்கு. நுனியில் வெள்ளைச் சீலைத்துண்டு சுற்றியிருந்தது. ஈர்க்கைக் குழாய்க்குள் விட்டு இழுத்தாள். திருப்பி விட்டு இழுத்தாள்.

“என்ன பிள்ளை வெள்ளெனவே வந்திட்டீர்? இரும், இன்னும் முடியேல்லை.”

“என்னக்கா செய்யிறியள்?”

“உமக்குத்தான். குடல் துப்பரவாக்கிற மாதிரித்தான், இது கொஞ்சம் மெல்லிசு, கவனமாச் செய்ய வேணும். உள்ளுக்கை ஒரு வழுவழுப்பு இருக்குது பாரும். அதையும் வழிச்செடுத்துத்தான் தாறனான்.” மூக்கை முழங்கையால் தேய்த்துக்கொண்டாள். “அண்டைக்கு ரத்தத்தைக் கண்டு நீர் முகத்தைத் திருப்பினது இப்பவும் என்ரை கண்ணுக்கை நிக்குது.”

“எப்பவும் இப்பிடித்தானோ அக்கா?”

“பின்னை? ஒரு நாள் எண்டாலும் ஊத்தையாத் தந்திருக்கிறனோ?”

குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மச்சம் மாமிசம் காய்ச்சும் வீட்டில் பிறந்திருந்தால் சிவகௌரி இந்த ஈர்க்கைச் சின்ன வயதிலேயே கண்டிருப்பாள். போத்தலைக் கையில் வாங்கிய முதல்நாளே, இவ்வளவு வெள்ளையாக எப்படி என்று கேட்டிருப்பாள். அவள் கேட்கவில்லை. வெள்ளையாக இருந்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

“இனி இதைச் செய்ய வேண்டாம் அக்கா. எடுத்தபடியே போட்டுத் தாங்கோ.”

அற்புதராணியின் கை நின்றது. “ஏன் பிள்ளை, பிழையே?”

“சீச்சீ. உங்களுக்கு வீண் வேலை. நான் இப்ப பழகியிட்டன்.”

அன்று இரத்தம் கலங்கிய போத்தலோடு ஆய்வுகூடத்துக்குப் போனாள். தானே உட்புறத்தைத் தொடாமல் வெட்டி வளையமாக்கினாள். சோதனை மருந்துக்கு வளையம் தளர்ந்தது. மறுபடி இறுக்கிவிட்டு, காயவைத்து மிச்சம் பிடித்திருந்த நாகலிங்கத்தின் இலையில் சாறெடுத்து விட்டாள். இறைக்கிற மெசின் நின்ற பிறகு வாய்க்காலில் தண்ணீர் வடியுமே, அந்த மாதிரி அமைதியாகக் கோடு இறங்கியது. வெகுதூரம் இறங்கியது.

வசந்தினி கை தட்டினாள். “மிஸ், அண்ணையின்ரை இலை வேலை செய்யுது. வெள்ளிக்கிழமை கோயிலிலை உதயகலா அக்காவைக் காணுவன், சொல்லட்டே? கேட்டால் சந்தோசப்படுவா.”

“பொறும்,” என்றாள் சிவகௌரி. “நான் சொல்லுறன்.”

“எப்ப மிஸ்?”

“வெள்ளிக்கு முதல்.”

9

உங்களுக்குள் படித்தவர் ஒருவர் இப்போது வாய் திறக்கிறார், கேட்கிறது. கண்ணாடிக்குள் தொங்கும் வளையம் மனிசனில்லை. குடித்த தண்ணீர் வயிற்றையும் ஈரலையும் தாண்டிக் குழாய்க்குப் போவதற்குள் என்னவாகும் என்று யாருக்குத் தெரியும். இலையைக் குடித்திருந்தாலும் நாகலிங்கம் அந்தப் பாத்தியில் விழுந்திருக்கலாம்.

சரிதான். சிவகௌரிக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பழைய முடிவு பிழை என்று எழுதவேண்டிய இடங்களுக்கு அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். அதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அக்காவிடம் “ஒண்டும் நடந்திருக்காது” என்று ஒரு வசனம் இருக்கிறது. அதை வாங்கிவிட்டு “தெரியாது” என்ற வசனத்தைக் கொடுக்க வேண்டும். “தெரியாது” என்பதோடு ஒருத்தி எப்படிச் சோறு போட்டுச் சாப்பிடுவாள்?

10

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் சிவகௌரி எல்லாவற்றையும் சொல்கிறாள். உதயகலா கொஞ்சநேரம் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பரவாயில்லை, நீ வேணுமெண்டு செய்யேல்லையே” என்கிறாள். (நல்ல அக்கா. ஆனால் எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தப் “பரவாயில்லை” நான் கிளினிக் வாங்கில் சொன்ன “பரவாயில்லை”யைப் போல இருந்தது.)

இன்னொன்றில் அவள் சொல்வதில்லை. வசந்தினியின் வாயையும் கட்டிவிடுகிறாள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு “ஓமக்கா”. (நாலைந்து “ஓமக்கா” எழுதிப் பார்த்தேன். ஐந்தாவது முறை சிவகௌரி கத்தரிக்காயைப் பார்த்துச் சொன்னாள், அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. உதயகலா அதைக் கவனித்துவிட்டாள். அங்கே நிறுத்தினேன்.)

மூன்றாவதில், “இறைச்சிக்கடைப் பொம்பிளை சுரண்டினதாலை வந்த பிழையக்கா” என்று சொல்லித் தப்புகிறாள். இதைக் கிழித்துவிட்டேன். முகத்தைத் திருப்பியது அற்புதராணி இல்லை.

இன்னுமொன்று தொடங்கினேன்: *வேலிக்கு அப்பால் எறிந்த செடி அங்கேயே வேர்விட்டு—* (ஐயோ, வேண்டாம். செடிகள் மனிசருக்காக முளைப்பதில்லை.)

11

ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அந்த ஈர்க்கை வைத்தது நான். வாங்கில் இருந்த பெண்ணின் தங்கை சரியாகத்தான் சோதித்திருப்பாள். படலம் பழுதில்லாமல் இருந்திருக்கும். இலை உண்மையிலேயே பச்சைத்தண்ணியாக இருந்திருக்கும். அந்தப் பெண் என்னிடம் தந்தது ஒரு வசனம். கதை வேண்டுமென்பதற்காக அதற்குள் ஈர்க்கை விட்டு இழுத்துப் பார்த்தேன். வழுவழுப்பாக ஒன்று கையோடு வந்துவிட்டது. இனி அதைத் திருப்பி உள்ளே வைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவள் வருவாள். எனக்குப் பக்கத்தில் இருப்பாள். கதைப்புத்தகம் வாசிக்கிற முகம்தான் அவளுக்கு.

அதனால் சிவகௌரியை வியாழக்கிழமை பின்னேரம்வரை கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு அப்பால் என்னால் ஏலாது.

பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையால் நடந்து வருகிறாள். வாசல் படலை திறந்திருக்கிறது. அக்கா குசினிக்குள் நிற்கிறாள், கேத்தில் கொதிக்கிறது.

“என்ன நாளைக்கு வாறவள் இண்டைக்கே வந்து நிக்கிறாய்? லாப் பூட்டோ?”

“இல்லை. சும்மாதான்.”

“சும்மா வாற ஆளே நீ. இரு, முகம் வாடிப்போய்க் கிடக்கு. தேத்தண்ணி தாறன்.”

சிவகௌரி கதிரையை இழுத்து இருக்கிறாள். மேலே அலுமாரியில் பித்தளைக் குவளை கவிழ்த்து வைத்திருக்கிறது. உதயகலா சீனிப் போத்தலை மூடுகிறாள். கரண்டியைக் கழுவி வைக்கிறாள். தேத்தண்ணியைத் தங்கைக்கு முன்னால் வைக்கிறாள். இந்த முறை நிமிர்ந்து கேட்கிறாள்.

“நீ வடிவாச் சோதிச்சனி தானே?”

என் இலக்கத்தைக் கூப்பிடுகிறார்கள். நான் எழும்ப வேண்டும். உங்கள் இலக்கத்தை இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் இருங்கள். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.